வால்வு மேல குத்தமில்ல கண்ணு!

ஏற்காட்டில் மழைக்காலம் என்றால் பீரோவில் மடித்து வைத்த துணிகூட ஈரம் கோத்துக்கொள்ளும். சுமார் 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டம் எதையும் விட்டுவைப்பதில்லை. அங்கே ஒரு வீட்டுப் பரணில் பல வருஷம் கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் மட்டும் தப்புமா?

கே.பி.சுந்தராம்பாள் இசைத்தட்டுகளைப் பாட்டி போட்டுக் கேட்ட செட் அது. அவர் போனபின் யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்காரரிடம் போடப் பேச்சு எழுந்தபோது, பாலிடெக்னிக் படிக்கும் பேத்தி மறித்தாள். ஸ்விட்சைப் போட்டதும் ஒரே உறுமல். இஎல்84 வால்வுக்குள் இருக்கும் பிளேட் அடுப்புக் கங்குபோலச் சிவந்தது. உடனே அணைத்துவிட்டு, ஆன்லைனில் புது வால்வு வாங்கி மாட்டினாள். அதுவும் சிவந்தது!

"வால்வு மேல குத்தமில்ல கண்ணு" என்றார் தாத்தா. இளவயதில் ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர்.

வால்வை ஒரு தண்ணீர்க் குழாயாக நினைத்துக்கொள்ளலாம். சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டுக்குப் பாயும். நடுவில் உள்ள கிரிட்தான் குழாயின் திருகு. அதற்கு முன்னால் ஒரு கண்டன்சர் இருக்கும். பாட்டை மட்டும் விட்டு, முந்தைய வால்வின் டி.சி. மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. அந்தக் காலத்துக் கண்டன்சர் காகிதமும் மெழுகும் சேர்ந்தது. ஈரம் இறங்கினால் கசியும். திருகு முழுசாகத் திறந்துகொள்ளும். கவனிக்காமல் விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியலாம். வால்வாவது தேடினால் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

பிளக்கைப் பிடுங்கினாலே போதும் என்று நினைப்பதுதான் ஆபத்து. உள்ளே ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கும். தாத்தா ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கைவைத்தார். அதுவும் ஒரு கையால். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். ஷாக் அடித்தால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து மறுகைக்குப் போகக்கூடாது என்பதற்காக. (பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.)

பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து ஸ்விட்ச் போட்டார். பல்பு பளிச்சென்றே எரிந்துகொண்டிருந்தால் ஷார்ட் என்று அர்த்தம். அது மங்கியது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. இஎல்84-இன் 2-வது பின், அதாவது கிரிட், ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். மீட்டரில் பிளஸ் 11 வோல்ட்! மறுபடி அணைத்து, மின்சாரத்தை இறக்கி, கண்டன்சரின் ஒரு காலைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பூஜ்யம். அப்போதும் இறங்காமல் இருந்திருந்தால்தான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

புது பாலியஸ்டர் கண்டன்சர் விலை சில ரூபாய்தான். வயதான ஃபில்டர் கண்டன்சர்களையும் கையோடு மாற்றினார்கள். தாத்தாவுக்குக் கை நடுக்கம் என்பதால் ஈயம் வைத்தது பேத்திதான். "நெறைய வெக்காத சாமி, பளபளன்னு ஓடுற வரைக்கும் போதும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பழைய வால்வையே திரும்ப மாட்டினார்கள். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. 1961-லிருந்து வால்வு செய்த நிறுவனம் அது. கேத்தோடு ரெசிஸ்டரில் 7 வோல்ட், சரியான அளவு. பிளேட் சிவக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் செட் ஓடுகிறது, அந்தச் சூட்டில் ஈரம் காயட்டும் என்று. மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு பின்னின் வோல்ட்டேஜையும் பேத்தி பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள்.