முப்பது கிளப், ஒரு கையுறை

கோல்கீப்பர் வேலை ஒரு மாதிரியான வேலை. மற்ற பத்துப் பேர் செய்யும் தப்பு மறந்துவிடும். இவர் செய்தால் ஸ்கோர்போர்டில் ஏறிவிடும்!

இங்கிலாந்தின் ஜான் பர்ரிட்ஜ் 1969ல் வொர்க்கிங்டன் அணியில் இந்த வேலையைத் தொடங்கினார். பிறகு பிளாக்பூல், ஆஸ்டன் வில்லா, கிரிஸ்டல் பேலஸ், ஹிபர்னியன்... ஏறக்குறைய முப்பது கிளப். எங்கே கூப்பிட்டாலும் பெட்டியோடு கிளம்பிவிடுவார். 1995 மே 14ல் மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடியபோது வயது 43. பிரீமியர் லீகில் அதைவிட மூத்தவர் யாரும் ஆடியதில்லை. ஆனால் தேசிய அணி மட்டும் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

ஆட்டம் நின்றதும் மனுஷன் உடைந்துபோனார். கடுமையான மனச்சோர்வு. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் ஓமனில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அங்கே தீயணைப்பு வீரராக இருந்த அலி அல் ஹப்ஸி என்ற இளைஞர் கண்ணில் பட்டார். பர்ரிட்ஜ் விடவில்லை, பழக்கி எடுத்தார். 2003ல் நார்வேயின் லின் கிளப், 2006ல் இங்கிலாந்தின் போல்டன். பிரீமியர் லீகில் ஆடிய முதல் ஓமன்காரர் அல் ஹப்ஸிதான்.

சொந்த நாட்டு ஜெர்சி பர்ரிட்ஜுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் ஓமன் அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே பல வருடம் நின்றது அவர் பழக்கிய கைகள்தானே?