முகப்புத் திரையும் முதற்பக்கமும்

பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். எதைக் கண்டாலும், இதில் தலைப்புச் செய்தி எது, உட்பக்கத்துக்குப் போக வேண்டியது எது என்று மனம் தானாகவே பிரிக்கத் தொடங்கும். ஓய்வுபெற்றுக் கண்டியில் குடியமர்ந்து ஆண்டுகள் சில கடந்தும் அந்தப் பழக்கம் என்னை விட்டபாடில்லை. ஆயினும் என் சட்டைப்பையிலேயே கிடந்த ஒரு முதற்பக்கத்தை நான் கவனிக்கத் தவறினேன். அது எனது கைத்தொலைபேசியின் முகப்புத் திரை. அந்தத் தவறை நான் உணர்ந்தது 2025 நவம்பர் 27ஆம் திகதி இரவில்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் வீட்டுக்கு வந்திருந்த பேரன் என் தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க போன் கண்டி மார்க்கட் மாதிரி கெடக்கு" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. நான்கு பக்கங்களில் செயலிகள் சிதறிக் கிடந்தன. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில் எடுத்து வைத்த கியூஆர் குறியீட்டின் படம்கூட இன்னும் முன்பக்கத்திலேயே இருந்தது. பேரன் அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறவாரியாக அடுக்கித் தந்தான். நீலத்தோடு நீலம், சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை. பார்ப்பதற்கு வானவில் போல இருந்தது. நானும் மகிழ்ந்து போனேன்.

டித்வா புயல் மலைநாட்டை உலுக்கிய அந்த இரவில் மழை ஓயவேயில்லை. மின்சாரம் போய்விட்டது. கம்பளையில் ஆற்றங்கரையை அண்டி வசிக்கும் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, தண்ணி வாசலுக்கு வந்துட்டுது" என்ற அளவில் தொடர்பு அறுந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன், இருட்டில் அகப்படவில்லை. திரையில் பச்சை நிறத்தில் தொலைபேசி வாங்கியின் உருவம் தெரிந்தது. அழுத்தி அண்ணனின் பெயரைத் தொட்டேன். இணைக்கப்படவில்லை. மீண்டும் தொட்டேன். மூன்றாவது முறையும் அதே கதைதான்.

நான் அழுத்திக்கொண்டிருந்தது வட்ஸ்அப். அதன் சின்னமும் பச்சை, அதற்குள்ளும் ஒரு தொலைபேசி வாங்கி. பேரன் அவ்விரண்டையும் அருகருகே வைத்திருந்தான். இணையத் தொடர்பு அற்றுப்போயிருந்த வேளையில் அதன் வழியாக எந்த அழைப்பும் போகாது. சாதாரண அழைப்புக்கான சமிக்ஞை மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடங்களை அவ்வாறு வீணடித்தேன். என் மனைவி தனது பழைய பொத்தான் தொலைபேசியை எடுத்து, மனப்பாடமாக இருந்த இலக்கத்தை விரலால் தடவியே அழுத்தினாள். இரண்டாவது முயற்சியில் அண்ணன் குரல் கேட்டது. பக்கத்து வீட்டின் மாடிக்குப் போகும்படி சொல்ல முடிந்தது. அண்ணனும் அண்ணியும் விடியும்வரை அங்கேதான் இருந்தார்கள்.

அந்த அனர்த்தத்தில் நாடெங்கும் 600இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் கண்டி மாவட்டமே. அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் என்னுடைய பத்து நிமிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நினைக்கும்போது இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

பின்னர் யோசித்துப் பார்த்தேன். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவரின் எழுத்துப்பெட்டியில், அடிக்கடி தேவைப்படும் எழுத்துகள் கைக்கு அருகிலும், அரிதானவை ஓரத்திலும் இருக்கும். அழகுக்காக எவரும் அதை அடுக்கவில்லை. பார்க்காமலே கை போய் எடுக்க வேண்டும் என்பதே அதன் நியதி. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் முதலாவது ஐபோனை அறிமுகப்படுத்தியபோதும், திரையின் அடிவரிசையில் நான்கே சின்னங்கள் இருந்தன. அவற்றில் முதலாவது தொலைபேசி. வெளியார் செயலிகளுக்கான கடை திறந்தது 2008 யூலையில். செயலிகள் பெருகிப்போய், அவற்றைக் கட்டிவைக்கும் கோப்புறைகள் வந்தது 2010இல். அதன்பின் நாம் பெட்டியை நிரப்பிக்கொண்டே போனோம். கையை மறந்துவிட்டோம்.

எந்தச் செயலி முன்னுக்கு வர வேண்டும் என்பதைக் கண்டி மக்கள் முன்பும் ஒருமுறை கற்றிருக்கிறார்கள். 2018 மார்ச் மாதம் திகனையில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் வெடித்தபோது, அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை ஒரு வார காலம் வரை முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பியவையும் அவைதாம். உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்கப் பலருக்கு இருந்த வழியும் அவைதாம். அந்த வன்செயல்களில் தனது தளத்துக்கு இருந்த பங்கிற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. அன்றைக்கும் கடைசியில் கைகொடுத்தது சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியுமே. நான் அதைச் செய்தியாக எழுதினேன், பாடமாகப் படிக்கவில்லை.

இப்போது எனது முகப்புத் திரையை நானே பக்கம் அமைத்திருக்கிறேன். கட்டைவிரல் எட்டும் அடிவரிசையின் வலப்புற மூலையில் தொலைபேசி, அதனருகே குறுஞ்செய்தி. வட்ஸ்அப் அதற்கு நேர் எதிர் மூலையில். நடுவில் மனைவி, மகள், அண்ணன் ஆகியோரை ஒரே தொடுகையில் அழைக்கும் சின்னங்கள், அவரவர் முகப்படத்தோடு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கான 1990, பொலிஸாருக்கான 119 ஆகியவை பெயரோடு சேமிக்கப்பட்டுள்ளன. கைவிளக்குக்குத் தனிச் சின்னம் தேவையில்லை. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பலகையில் அதனை முதலிடத்துக்கு மாற்றிக்கொண்டேன். செய்தி, வங்கி, பாட்டு எல்லாம் இரண்டாம் பக்கத்தில் தமிழ்ப் பெயரிட்ட மூன்று கோப்புறைகளில். எரிபொருள் குறியீட்டின் படத்தை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடிக்கொண்டு அண்ணனை அழைத்துப் பார்த்தேன். முதல் தடவையிலேயே மணி அடித்தது.

"என்ன தம்பி, இந்த நேரத்துல?" என்றார் பதற்றத்தோடு.

"ஒன்றுமில்லை அண்ணா, சும்மாதான்" என்றேன்.

பேரன் அடுத்த முறை வந்தபோது திரையைப் பார்த்து முகம் சுளித்தான். "வடிவா இல்லையே தாத்தா" என்றான். நான் விளக்கை அணைத்துவிட்டு, தொலைபேசியை அவன் கையில் கொடுத்து, கண்ணை மூடியபடி அம்மாவுக்கு அழைப்பு எடுக்கச் சொன்னேன். எடுத்தான். அதன்பின் அவன் எதையும் மாற்றவில்லை.