நத்தைச் சாறு, நண்டுச் சாறு

என் அக்கா மகளுக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலியாக் என்று நோய்க்குப் பெயர். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்கிற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும், தின்றது ஒட்டாது. சப்பாத்தி, பன், பிஸ்கட், சேமியா எதுவும் கூடாது. மழைக்காலத்தில் சூப் கொடுக்கலாம், ஆனால் மைதா கலந்த பாக்கெட் சூப் வேண்டாம் என்றார். அக்கா அழுதாள். அப்பாயி சிரித்தது. "கோதுமைய நாம என்னைக்குடி கண்டோம்? ரேஷன்ல போட்ட பொறவுதானே. அதுக்கு முன்ன நம்ம சேரிப் புள்ளைவொ எதத் தின்னு வளந்துச்சு?"

எதைத் தின்று வளர்ந்தோம்? சம்பா நடவும் களையெடுப்பும் முடிந்தால் தை அறுப்பு வரை எங்களுக்கு வேலை குறைச்சல். வேலை இல்லையென்றால் கூலி இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் வயிற்றைக் காத்தது வயல் நண்டும் நத்தையும்தான். நண்டு இளம் பயிரை நறுக்கும், வரப்பில் வளை போடும். அதனால் ஆண்டை தடுக்கமாட்டார். நெல்லைத் தொட்டால் திருட்டு, நண்டைப் பிடித்தால் உபகாரம்.

அப்பாயி சொன்ன பக்குவம் இது. பத்து நண்டை ஓடு கழற்றிக் கழுவி, காலோடு உரலில் போட்டு இடிக்கணும். தண்ணீர் விட்டுக் கரைத்து, ஓட்டுத்தூள் இல்லாமல் துணியில் வடிகட்டணும். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிடணும். அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது, நண்டிலும் நத்தையிலும் புழு இருக்கும். கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு கரண்டி கேழ்வரகு மாவு போதும். நத்தையென்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்து சேறு கக்கணும். வெந்த பிறகு முள்ளால் குத்தி இழுத்துச் சதையை உப்புப் போட்டு அலசணும். ஒன்று மட்டும் நான் சேர்க்கிறேன்: கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலக்கிறார்கள். அது வேண்டாம்.

இந்தச் சாறு குடித்ததற்காகத்தான் பள்ளிக்கூடத்தில் எங்களை 'நத்தை தின்னி' என்றார்கள். பக்கத்தில் உட்காரமாட்டார்கள். இன்றைக்கு அதே நண்டு சூப் ஓட்டலில் கிண்ணக் கணக்கில் விலை போகிறது. நாம் தின்றால் தீட்டு, அவர்கள் தின்றால் சத்து.

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரன் 1954 வரை ஆண்டான். எல்லையைத் தாண்டினால் கீழத்தஞ்சை. அங்கே பண்ணையாளின் வாயில் ஊற்றியது வேறு. தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். 1940களில் பி.சீனிவாசராவும் செங்கொடிச் சங்கமும் வந்து நின்ற பிறகுதான் அது ஒழிய ஆரம்பித்தது. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட பகையில்தான் 1968 டிசம்பர் 25 அன்று, இதே பனிக்காலத்தில், கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்த அரைப்படி இல்லாத குறையைத்தான் எங்கள் தாய்மார் நத்தையாலும் நண்டாலும் நிரப்பினார்கள். ஆகையால் பசியில் பிறந்த சாப்பாட்டை நான் கொண்டாடச் சொல்லவில்லை. அதைச் சமைத்த கைகளுக்கு அறிவு இருந்தது என்று சொல்கிறேன்.

இப்போது அப்பாயி சொல்கிற நண்டு வயலில் அரிது. குருணை மருந்து போட்டுப் போட்டு நண்டும் செத்தது, நத்தையும் செத்தது. மருந்து அடித்த வயலில் பிடித்ததைப் பிள்ளைக்குக் கொடுக்கவும் பயம். கிளிஞ்சல்மேட்டுக் கரையில் பொடி நண்டைக் கூறு கட்டி விற்பார்கள். அக்கா அதைக் காசு கொடுத்து வாங்கி வந்துதான் சாறு வைக்கிறாள். நண்டு வாங்கக் காசில்லாத நாளில் முருங்கைக்கீரைச் சாறு. பிள்ளை குடிக்கிறாள், உடம்பு தேறியிருக்கிறது.

வயலில் என்ன மருந்து விழ வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அதில் ஒரு குழி நிலம்கூட இன்னும் எங்கள் பெயரில் இல்லை.