"எல்லாம் சுகம்" என்று எழுதினேன்!

என் தம்பி மகள் வேதாகமக் கல்லூரியில் படிப்பதற்காக அடுத்த மாதம் வெளிநாடு போகிறாள். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "அத்தே, நீங்க அங்க போன மொத நாள் அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"மொத நாளா? வாயைப் பிளந்துக்கிட்டு வேடிக்கை பார்க்கவே நேரம் சரியாப் போச்சு! நான் அழுதது பத்தாம் நாள்" என்றேன்.

விடுவாளா? முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போனாள். உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, மனசை இங்கே வைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கும் தாய்மார் இன்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறீர்களே!

1985 செப்டம்பர். அப்போது எனக்கு 27 வயது. திருநெல்வேலிச் சீமையில், பனங்காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூரில் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம் எல்லாவற்றுக்கும் நான்தான் முன்னால் நிற்பேன். "நம்ம டீச்சர் ஜெபம் பண்ணினா கல்லும் கரையும்" என்பார்கள். எனக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு. பொய் சொல்வானேன்!

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஓராண்டு வேதாகமப் படிப்புக்கு எனக்கு உதவித்தொகை கிடைத்தது. அம்மாவுக்கு மனசே இல்லை. அந்த வருஷம் ஜூன் 23-ம் தேதிதான் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே நடுவானில் வெடித்து, 329 பேர் மாண்டிருந்தார்கள். "அதே கம்பெனி பிளேன்லயா போகணும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா இல்லாத வீடு. தம்பி மதுரையில் ஹாஸ்டலில். நானும் போய்விட்டால் அவள் ஒண்டிக்கட்டை. ஆனாலும், 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சங்கத்துப் பெண்கள் ஆளுக்கு இரண்டும் ஐந்துமாகச் சேர்த்து எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கித் தந்தார்கள். ஓலைப்பெட்டி முடைந்தும் பீடி சுற்றியும் சம்பாதித்த காசு. அதைப் போட்டுக்கொண்டுதான் லண்டனில் இறங்கினேன்.

கல்லூரி இருந்தது நகரின் தெற்குப் பக்கம். பக்கத்திலேயே போர்ன்வில். கேட்பரி சாக்லேட் தொழிற்சாலை 1879-லிருந்து இருக்கும் இடம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தெருவே சாக்லேட் மணக்கும். நான் போவதற்குப் பத்து நாள் முன்னால்தான், அதே ஊரின் வடக்கே ஹேண்ட்ஸ்வொர்த்தில் பெரிய கலவரம் நடந்து கடைகள் எரிந்து, இரண்டு பேர் உயிரிழந்திருந்தார்கள். இரண்டாவதை அம்மாவுக்கு எழுதவில்லை. சாக்லேட் வாசனையை மட்டும் எழுதினேன். நான் மறைக்க ஆரம்பித்தது அங்கேதான்.

முதல் வாரம் ஒரே ஆச்சரியம். குழாயில் வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று. ஒன்றில் கை வெந்தது, மற்றதில் விறைத்தது. குளியலறையில் தொட்டி உண்டு, வாளியும் இல்லை, செம்பும் இல்லை. நல்லவேளையாக அம்மா ஒரு பிளாஸ்டிக் கப்பைப் பெட்டிக்குள் திணித்திருந்தாள். சாப்பாட்டில் அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பட்டாணி, அவித்த முட்டைக்கோஸ். மூன்றும் ஒரே ருசி. பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். நாக்கு எழும்புமா? நான் கடைசிவரை 'சார்' என்றுதான் சொன்னேன்.

ஒரு நாள் வகுப்பில், எனக்குப் பக்கத்தில் இருந்த மாணவர் தன் வேதாகமத்தைச் சாவதானமாகத் தரையில், காலடியில் வைத்தார். அதன் மேல் காப்பிக் கோப்பை! எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. சட்டென்று குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி மேஜைமேல் வைத்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அவருக்கும் அது உயிரான புத்தகம்தான் என்பது பின்னால் புரிந்தது. அன்றைக்குப் புரியவில்லை.

பத்தாம் நாள் வந்தது.

தினமும் காலையில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிப்பது வழக்கம். அதுவரை என் முறை வரவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், கென்யாவிலிருந்து ஒரு அக்கா, கொரியப் பெண் ஒருத்தி, நார்வே நாட்டுப் பையன் என்று எல்லாரும் முடித்துவிட்டார்கள். நான் "அன்புள்ள கர்த்தாவே" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. இலக்கணம் தெரியும். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடமே எடுத்தவள் நான். ஆனால் ஜெபம் வரவில்லை. எத்தனை நேரம் அப்படியே இருந்தேனோ, அடுத்தவர் மெள்ள ஆரம்பித்துவிட்டார்.

அன்று இரவு தலையணையில் முகம் புதைத்து அழுதேன். கல்லும் கரைய ஜெபித்தவளுக்கு ஒரு வரி வரவில்லையே! அப்படியானால் ஊரில் நான் பண்ணினது பக்தியா, பழக்கமா? அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. மறுநாளிலிருந்து என் முறை வந்தால் தலையைக் குனிந்துகொண்டு மௌனமாக இருந்துவிடுவேன். தனியறையில் தமிழில் முயன்றாலும் அதே கேள்வி வந்து வாயை அடைத்தது.

அந்த வாரம் அம்மாவுக்கு எழுதிய நீலக் கடிதத்தில், 'இங்கே எல்லாம் சுகம். படிப்பு நன்றாகப் போகிறது' என்று எழுதினேன்.

அக்டோபர் நடுவில் முதல் கட்டுரை திரும்பி வந்தது. நூலகத்தில் எட்டுப் புத்தகம் புரட்டி எழுதியது. ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் இப்படி எழுதியிருந்தார்: 'புத்தகங்கள் சொல்வதை நன்றாகத் தொகுத்திருக்கிறீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' நான் என்ன நினைப்பது? பெரியவர்கள் சொன்னதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்வதுதானே படிப்பு என்று நாம் வளர்ந்திருக்கிறோம்!

அதே வாரம் அம்மாவின் பதிலும் வந்தது. கையெழுத்து அடுத்த வீட்டுப் பெண்ணுடையது. 'எனக்குக் கை வலி, அதனால் அவள் எழுதுகிறாள்' என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தாள். அப்புறம் இப்படி எழுதியிருந்தது: 'உன் கடுதாசி கிடைச்சுது. அதுல பஸ்ஸு இருக்கு, சாக்லேட்டு கம்பெனி இருக்கு, பேப்பர்ல வாரது எல்லாம் இருக்கு. உன்னைத்தான் காணோம். நீ எங்கே இருக்கே?'

சிவப்பு மைக் கேள்வியும் அம்மாவின் கேள்வியும் ஒன்றுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். மறுநாள் முதல் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. புடவையும் வெறும் செருப்புமாக ஈரத்தில் நடந்துவிட்டு வந்து, விறைத்த பாதங்களை அறையில் உள்ள சூடேற்றியின்மேல் அப்படியே வைத்துக்கொள்வேன். சுகமாக இருக்கும். நாலாம் நாள் கால் விரல்கள் சிவந்து, ஊதா நிறமாகி வீங்கின. பயங்கர அரிப்பு, எரிச்சல். ஏதோ பெரிய வியாதி என்று நடுங்கிப் போனேன். 'இதையே சாக்காக வைத்து ஊருக்குப் போய்விட வேண்டியதுதான்' என்றும் ஒரு எண்ணம் வந்தது. விண்ணப்பக் கடிதம்கூட எழுதிவிட்டேன். ஆனால் நாற்காலியில் தொங்கிய அந்தக் கம்பளிச் சட்டையைப் பார்த்ததும் கொடுக்கக் கை வரவில்லை.

கல்லூரி நர்ஸ் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'சில்பிளேன்' என்று பேர். குளிரில் சுருங்கிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் மேல் திடீரென்று சூடு பட்டால் இப்படி வீங்குமாம். நெருப்பிலோ, சூடேற்றியிலோ, கொதிக்கும் வெந்நீரிலோ காலை நேராகக் காட்டக்கூடாது. ஈரம் துடைத்து, கம்பளிக் காலுறை போட்டு, மெள்ள மெள்ளத்தான் சூடேற விட வேண்டும். இறுக்கமான ஷூ கூடாது. எவ்வளவு அரித்தாலும் சொறியக்கூடாது. புடவைக்குக் கீழே காலுறையும் ஷூவுமா என்று கூச்சப்பட்டவள், அன்றே வாங்கிப் போட்டேன். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

நான் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புவதை, சமையலறை அம்மாள் ஒருத்தி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எல்லாரையும் "பேப்" என்று கூப்பிடுவாள். அந்த ஊரில் 'கண்ணு' என்கிற மாதிரி. "ஞாயிறு சாயங்காலம் அடுப்பு சும்மாதான் இருக்கு பேப். உனக்கு வேண்டியதை நீயே செஞ்சுக்கோ" என்றாள்.

சனிக்கிழமை கென்யா அக்காவும் நானும் 11-ம் நம்பர் பஸ் ஏறினோம். அது நகரத்தை வட்டமாகச் சுற்றி, ஏறின இடத்துக்கே கொண்டுவந்து விடும் பஸ். ஹேண்ட்ஸ்வொர்த்தில் இறங்கி, ஒரு பஞ்சாபிக்காரர் கடையில் அரிசி, துவரம்பருப்பு, புளி, மிளகு எல்லாம் வாங்கினோம். எதிரும் புதிருமாகச் சில கடைகள் இன்னும் பலகை அடித்து மூடிக் கிடந்தன. அவர் கடை திறந்திருந்தது. பொட்டணத்தின்மேல் ஒரு பிடி கொத்தமல்லித்தழை இனாமாக வைத்துக் கொடுத்தார்.

ஞாயிறு சாயங்காலம் சோறு வடித்து, பருப்புத் தண்ணீரில் மிளகு ரசம் வைத்தேன். ரசம் நுரை கட்டி வந்த வாசனையில் என் கண் நிறைந்துவிட்டது. மேஜையில் கென்யா அக்கா, கொரியப் பெண், நான். "நீ ஜெபம் பண்ணு" என்றாள் அக்கா. யோசிக்க நேரமில்லை. "ஆண்டவரே, இந்தச் சோத்துக்காக ஸ்தோத்திரம்" என்று தமிழில் வந்துவிட்டது. அப்புறம் நிற்கவில்லை. பயம், வெட்கம், கால் எரிச்சல், அம்மாவின் தனிமை எல்லாம் கொட்டித் தீர்ந்தது. அதில் ஒரு அலங்கார வார்த்தை கிடையாது. ஊரில் அப்படி நான் ஒரு நாளும் ஜெபித்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால் கொரியப் பெண்ணும் தன் பாஷையில் விம்மிக்கொண்டிருக்கிறாள். அவளும் வந்த நாள் முதல் மனப்பாடம் செய்த நாலு இங்கிலீஷ் வரியைத்தான் தினமும் சொல்லி வந்தாளாம்! ரசம் ஆறிப்போனது. சூடுபண்ணிச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை வட்டத்தில் என் முறை வந்தபோது தமிழிலேயே ஜெபித்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும் ஸ்காட்லாந்துக்காரர் மட்டும், "அந்த 'ஆண்டவரே' என்றால் என்ன? எட்டுத் தடவை எண்ணினேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். இங்கிலீஷில் ஜெபிக்க அப்புறம் மூன்று மாதம் ஆயிற்று. அதுவும் தானாகவே வந்தது.

அடுத்த கட்டுரையைச் சீகன்பால்கு பற்றி எழுதினேன். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதிப் பழகினவர். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சிட்டுக் கொடுத்தார். 'அந்த முதல் மாதங்களில் படித்த அந்த மனிதரும் வாயடைத்துப்போய்த்தான் இருந்திருப்பார். இது புத்தகத்தில் இல்லை. நான் நினைக்கிறேன்' என்று முடித்தேன். இந்தத் தடவை ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'ஆம்.'

அன்றே அம்மாவுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கால் வீங்கியது, ராத்திரி அழுதது, ஜெபம் வராமல் போனது, ஓடி வந்துவிட நினைத்தது, எல்லாம். தபாலில் போட்டபின், 'வயசானவளை இப்படிக் கலங்க வைக்கலாமா' என்று பயம் வேறு.

நவம்பர் கடைசியில் பதில் வந்தது. அம்மாவின் கையெழுத்து, கோணல்மாணலாக. 'இதுதான் உன் கடுதாசி. இப்பதான் எனக்கு உறக்கம் வருது. நீ மறைக்காம எழுதினதால நானும் சொல்லுதேன். எனக்குக் கை வலி எல்லாம் ஒண்ணுமில்லை. கண்ணுல புரை விழுந்து பாளையங்கோட்டையில ஆபரேஷன் ஆச்சு. நீ படிப்பை விட்டுட்டு வந்துருவியோன்னு சொல்லலை. சங்கத்துப் பொம்பளைங்க முறை வச்சுப் பார்த்துக்கிட்டாங்க. இப்ப கண்ணாடி போட்டு இதை நானே எழுதுதேன்.'

இன்றுபோல லென்ஸ் வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்புகிற காலமில்லை அது. கண்ணைக் கட்டி, அசையாமல் படுக்க வைப்பார்கள். நான் சாக்லேட் வாசனையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவள் இருட்டில் படுத்திருந்திருக்கிறாள்! என் கடிதத்தில் நான் இல்லாததை அவள் கண்டுபிடித்தாள். அவள் கடிதத்தில் அவள் இல்லாததை நான்தான் கண்டுபிடிக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மருமகள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "இப்பல்லாம் கடுதாசி ஏது அத்தே? தினம் வீடியோல முகத்தையே பார்க்கலாமே" என்றாள்.

"பார்க்கலாம். வீடியோவிலும் சிரிச்சுக்கிட்டே 'எல்லாம் சுகம்'னு சொல்லலாமே, அதுக்கென்ன தடை?" என்றேன்.

கம்பளிக் காலுறை நாலு ஜோடி, ரசப்பொடி ஒரு டப்பா, ஒரு பிளாஸ்டிக் கப். இவை மூன்றையும் அவள் பெட்டியில் நானே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவிடம், "உனக்கு முட்டு வலின்னா முட்டு வலின்னே அவகிட்டச் சொல்லு. அப்பதான் அவளும் சொல்லுவா" என்றேன்.

அவள் அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.