அத்தான் கண்ட மினுக்கு

என் அக்கா வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருஷம் ரயில்வே கேட்டில் பச்சைக் கொடியும் சிவப்பு விளக்கும் பிடித்து நின்றவர். கண்ணால் கண்டதைச் சொல்வதில் அவரை நம்பாமல் யாரை நம்புவது? நான் நம்பவில்லை.

"மாப்ளே, கண்ணை மூடினாலும் யாரோ வெல்டிங் வைக்கிற மாதிரி பளிச் பளிச்சுங்குது" என்றார். வெயிலில் கண் கூசி ஒன்றும் புலப்படவில்லை. பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியவில்லை. "எழுபத்தொண்ணு ஆச்சே அத்தான், புரையா இருக்கும்" என்றேன். எங்கள் ஊர்க் கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை நன்றாக இருக்கிறதென்று கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். பேரன் ஊருக்குப் போனதிலிருந்து இவருக்கு மனசே சரியில்லை என்றாள் அக்கா. வயசு என்பது எங்களைப் போன்றவர்களின் எல்லா வியாதிக்கும் போர்த்துகிற ஒரே போர்வை. நானும் ஒரு கிழவன். எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் சாப்பிடும்போது, "நடுவுல கூட்டு தெரியுது, ஓரத்துல அப்பளம் தெரியுது, இடையில வளையமா ஒண்ணையும் காணோம்" என்றார். இப்படி ஒருவரால் கற்பனை செய்ய முடியாது என்று அன்றுதான் உறைத்தது. அதற்குள் நாலு மாசம் போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, குறுக்கே பேசாமல் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். சொட்டு மருந்து விட்டு, இருபது நிமிஷம் இருட்டில் உட்காரவைத்து, கண்ணில் மெல்லிய கம்பி பொருத்தி, வெளிச்சத்தைப் பாய்ச்சி விழித்திரையின் மின்சாரத்தைப் பதிவுசெய்தார்கள். ஈ.ஆர்.ஜி. என்று பெயர். மேடும் பள்ளமுமாக வரவேண்டிய கோடு ஏறத்தாழப் படுத்துக்கிடந்தது. டாக்டரம்மா அடுத்துக் கேட்டது: "ஐயா, பீடி குடிப்பீங்களா?"

நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் கட்டி. அத்தானுக்கு ஒரு இருமல்கூட இருந்ததில்லை.

சிறுசெல் நுரையீரல் புற்று சில பேரிடம் ஒரு விபரீதம் செய்யுமாம். விழித்திரைக்குள் இருக்கவேண்டிய ரெக்கவரின் என்ற புரதத்தைக் கட்டியும் தயாரிக்கும். உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து ஆன்டிபாடிகளை ஏவும். அவை ரத்தத்தோடு கண்ணுக்குப் போய், அதே புரதத்தைச் சுமந்த ஒளி வாங்கும் செல்களையும் கொன்றுபோடும். திருடனை விரட்டப் போனவன் வீட்டுக்காரனை அடித்த கதை. 1976-ல் அமெரிக்க மருத்துவர்கள் மூன்று நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். ஆரம்பத்தில் உள்ளே பார்த்தால் விழித்திரை பழுதில்லாமலே தெரியும். ஆகவே நோயாளியின் வாய்தான் முதல் சாட்சி. பலருக்குப் புற்று தெரிவதற்குச் சில மாசம் முன்பே கண் போகத் தொடங்கிவிடும். "படிச்சிருக்கேன், பார்க்கிறது இதுதான் முதல் தடவை" என்றார் டாக்டரம்மா.

மெலனோமா என்ற தோல் புற்றிலும் இப்படி மினுக்கு உண்டு. அங்கே பெரும்பாலும் புற்று முந்தி, கண் பிந்தி.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள், ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து ஆன்டிபாடிகளை அகற்றினார்கள், கட்டிக்குக் கீமோ. கட்டி சுருங்கியது. செத்த செல் முளைப்பதில்லை.

இரண்டாவது கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, அத்தான் சந்தோஷமாகச் சொன்னார்: "மாப்ளே, அந்த வெல்டிங் நின்னுபோச்சு."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. திரும்பி வந்து அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்லதுதானே மாப்ளே?"

"ஆமா அத்தான்" என்றேன்.