நோர்வூட்டில் விலங்குப் பலகை

பிப்ரவரி 11

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிங்களத்துக்குக் கீழே தமிழ், அதற்கும் கீழே ஆங்கிலம். வளைவு, பள்ளிக்கூடம், மண்சரிவு. விலங்குப் படம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நீலகிரிக் கூடலூரில் பிறந்த எனக்கு இது புதிது. அங்கே யானைப் படம் இல்லாத சாலையே கிடையாது.

அம்மா பிறந்தது இங்கே. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. அந்தக் கணக்கில் சிறுமியாகக் கப்பலேறியவள், பிறகு அங்கே டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். பெரிய மாமா மட்டும் நின்றுவிட்டார்.

பிப்ரவரி 12

காலையில் பீலிக்கரையில் ஒரே பேச்சு: கீழ் லயத்து நாயை இரண்டு நாளாகக் காணோம். "காட்டோரம் தனியா போயிராத புள்ள" என்றார் மாமி. சிறுத்தை என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்லவில்லை. தேயிலைக்கு நடுவே ஆள் மறையும் ஆழத்தில் கான், அதாவது வடிகால், ஓடுகிறது, மேலே காட்டுத் துண்டு நிற்கிறது. அது பதுங்க வேறென்ன வேண்டும்?

பிப்ரவரி 13

பொகவந்தலாவை போய்த் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. த்ரீவீலர் சட்டென்று நின்றது. கானிலிருந்து ஏறி, நாலே எட்டில் ரோட்டைக் கடந்து, மேல்மலைத் தேயிலைக்குள் நுழைந்தது. செடிகள் அசைந்து நின்றன. நீலகிரியில் இத்தனை வருஷம் வாழ்ந்தும் பார்க்காத சிறுத்தையை இங்கே பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தால் மட்டும் அல்ல.

"அது பாட்டுக்குப் போகும் அக்கா. கம்பியில மாட்டுனாத்தான் பாவம்" என்றான் ஓட்டிய பையன். பன்றிக்குக் கட்டும் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணியில் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. கம்பி கட்டுகிறவனும் பசிக்கோ பயிருக்கோதான் கட்டுகிறான், தெரியும். ஆனாலும் அந்தக் கம்பிகளை அவிழ்க்கத்தான் வேண்டும்.

வழியில் 'கொட்டியாகலை' என்று ஒரு பெயர் வாசித்தது நினைவுக்கு வந்தது. பையனிடம் கேட்டேன். சிங்களத்தில் கொட்டியா என்றால் புலி, கல என்றால் பாறை. இந்தத் தீவில் புலி ஏது? சிறுத்தையைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 1956இல் விலங்கியலாளர் தெரணியகல இலங்கைச் சிறுத்தைக்கு அறிவியல் பெயர் வைத்தபோதும் அந்தக் 'கொட்டியா'வைத்தான் சேர்த்தார். படத்தைத் தேடிய நான் பெயரைத் தாண்டி வந்திருக்கிறேன்.

இரவு மாமி வீட்டு நாய் ஜிம்மியை உள்ளே கூப்பிட்டுக் கொண்டி போட்டார்.