24-இல் ஒரு பங்கு

"மூச்சை அந்தப் பக்கம் விடச் சொல்றார், அண்ணா" என்றான் என்னைக் கூட்டிப்போன தம்பி. பெரியவர் நிமிரவே இல்லை. அவருடைய இடுக்கி முனையில் 0.3 மி.மீ. கம்பி ஒன்று. காரின் ஸ்பார்க் பிளக் வயராம். இதுபோல ஆறு வேண்டும்.

ஜப்பானின் ஷிசுவோகா. அந்நாட்டுப் பிளாஸ்டிக் மாடல்களில் சுமார் 80 சதவீதம் இந்த வட்டாரச் சரக்குதான். 1946-இல் மரக்கடையாகத் தொடங்கிய தமியா இந்த ஊர்தான். இங்கே ஒரு தபால் பெட்டியையே, சட்டத்திலிருந்து இன்னும் கத்தரிக்காத மாடல் பாகம்போலச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பெரியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் இருந்தது டொயோட்டா 2000ஜிடி. 1967 முதல் 1970 வரை விற்ற கார். முன்மாதிரிகளையும் சேர்த்து 351தான். அதைக் கட்டியது யமஹா, இதே மாகாணத்து இவாதாவில். அசலின் நீளம் 4,175 மி.மீ.; இங்கே பதினேழரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு சாண்கூட இல்லை.

அசல் காரின் டாஷ்போர்டு மரத்தாலானது; யமஹாவின் இசைக்கருவிப் பிரிவு இழைத்தது. பெரியவரும் முதலில் நிஜ மரத்தைச் சீவி ஒட்டிப் பார்த்திருக்கிறார். அந்தத் துண்டை எடுத்துக் காட்டினார். ஏதோ பழைய மேசையிலிருந்து உடைத்தெடுத்த சில்லுபோல இருந்தது. காரைச் சுருக்கலாம், மர ரேகையைச் சுருக்க முடியாதே! அதைப் பிய்த்துவிட்டு, காவி நிறம் பூசி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் அடர்பழுப்பை இழுத்திருக்கிறார். இப்போது பிளாஸ்டிக் அச்சு அசலாக ரோஸ்வுட்.

மெட்டாலிக் பெயிண்டும் அப்படித்தான். நிஜக் காருக்கு அடிப்பதை இதற்கு அடித்தால் சர்க்கரை தூவியதுபோல மினுக்கும். கதவு இடுக்கு இன்னும் வம்பு. அசலில் 4 மி.மீ. என்றால் இங்கே 0.17 மி.மீ. பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்றும் ஏறினால் அடைந்தே போகும். அதனால் பெயிண்டுக்கு முன்பே ஊசியால் கீறி ஆழப்படுத்துகிறார். முன்மூடியைத் திறந்து பார்க்க வேண்டுமென்று, கத்தியின் மொட்டை முதுகால் அதே கோட்டில் பல தடவை இழுத்துத் தனியே எடுத்திருந்தார்.

உள்ளே இருந்த மூன்று கார்புரேட்டர்களையும் கண்டு அசந்துபோனேன். அவை 3டி அச்சில் செய்து விற்பவையாம், வாங்கிவிட்டார். எனக்குச் சின்ன ஏமாற்றம். அவருக்கு அதெல்லாம் இல்லை. "கண் முன்ன மாதிரி இல்லைங்கறார், அண்ணா."

கெட்டுப்போன பாடி ஒன்றை என் கையில் கொடுத்தார். விரலை ஓட்டினால் நாரத்தைத் தோல்போலச் சொரசொரத்தது. இவர்களும் ஒரு பழத்தைத்தான் சொல்கிறார்கள்: யூசு ஹடா, யூசு பழத்தோல். 2000-ஆம் நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பிறகு காம்பவுண்ட் போட்டால் கண்ணாடியாகும். ஆனால் விளிம்பில் கை சற்று அழுந்தினால் பெயிண்ட் போய்ப் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். இது அப்படிக் கெட்டதுதான்.

அக்காலத்து ஜப்பானியக் கார்களுக்குப் பக்கக் கண்ணாடி முன் மட்கார்டின் மேல் இருக்கும். அதில் ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். 'டிக்' என்று பறந்தது. மூவரும் டார்ச்சோடு தரையில் தவழ்ந்தோம். கடைசியில் என் காலுறை மடிப்பில் கிடைத்தது. கை எண்ணெய் பட்டால் பெயிண்ட் ஒட்டாது என்று அதைச் சோப்பு நீரில் கழுவினார். அதன்பிறகு என்னிடம் எதையும் தரவில்லை.

ஜூன் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் வெளுத்துப் பனிமூட்டம் படியும் என்று ஸ்பிரே துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டார். ஒவ்வொரு மே மாதமும் இந்த ஊரில் நடக்கும் ஹாபி ஷோவில் மாடல் சங்கங்களும் மேசை போடுகின்றன. அடுத்த மே மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டுமாம். ஐந்து பிளக் வயரும் இரண்டு வைப்பரும் முழுப் பெயிண்டும் பாக்கி.